மேகப் படகும் நேந்திரம் சிப்ஸும்

குற்றாலத்தில் உட்கார்ந்து படம் வரைகிறவனுக்கு முதல் எதிரி தண்ணீர். இரண்டாவது எதிரி, அந்தத் தண்ணீரில் தலையைக் கொடுத்துவிட்டு நேராக அவனிடம் வரும் வாடிக்கையாளர்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, யூனிபார்மைக்கூட மாற்றாமல் டிவி முன்னால் விழுந்து கிடந்த என் இனத்தாரே, உங்களுக்கு ‘மேகப் படகு’ மறந்திருக்காது. ஆகாயத்தில் மிதக்கும் ஒரு படகு. ஜோகன் என்ற நீலமுடிப் பொடியன்தான் கேப்டன். கழுத்தில் துண்டு கட்டிய லீமா அவன் கூட்டாளி. துரத்தி வருகிற வில்லன் கரிவாயன். அப்புறம் நம்ம பம்பு. றெக்கை இருந்தும் பறக்கப் பயந்து, பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தே காலம் தள்ளிய குண்டுப் பறவை. திரும்பத் திரும்பப் போட்டார்கள், திரும்பத் திரும்பப் பார்த்தோம்.

இப்போது நான் பிளஸ் டூ. வீடு தென்காசி. சீசன் வந்துவிட்டால் சனி, ஞாயிறு மெயின் அருவிக்குப் போகிற வழியில், ஒரு சிப்ஸ் கடை வாசலில் மேசை போட்டு, வருகிறவர்களை மேகப் படகில் ஏற்றி வரைந்து கொடுப்பேன். வரையும்போதே அந்தந்தக் குரலில் பேசவும் செய்வேன். குரல் எனக்குச் சும்மாவே வரும். ஒரு தடவை எங்கள் பி.டி. சார் குரலில் பக்கத்து வகுப்பையே மைதானத்துக்கு அனுப்பி வைத்தேன். அங்கே போய் வரிசையாக நின்றார்கள், பாவம்.

மேசைக்கு இடம் கொடுத்தவர் கடைக்கார அண்ணாச்சி. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “ஏலே, எங்கிட்ட சிப்ஸ் வாங்க வாரவங்க ஒன்னப் பத்தி ஒரு குறை சொன்னாலும் மேசைய எடுக்கச் சொல்லிருவேன், பாத்துக்க.” ஆகவே சீசன் முடிகிறவரை அந்த மேசையைக் காப்பாற்றுவதுதான் என் முழுநேர வேலை. வரைவது மிச்ச நேரத்தில்.

உருகிய கேப்டன்

முதல் வாரமே மேசைக்கு ஆபத்து வந்தது. சுரண்டையிலிருந்து வந்த கல்லூரி அண்ணன் ஒருவர், தன்னைக் கேப்டன் ஜோகனாக வரையச் சொன்னார். ஸ்கெட்ச் பேனாவால் நீல முடியைச் சிலுப்பிவிட்டு, ரசித்து ரசித்து வரைந்தேன். அவர் அருவியிலிருந்து வந்த ஈரக் கையோடு வாங்கினார். முடி நெற்றியில் இறங்கியது, நெற்றியிலிருந்து கன்னத்துக்கு வந்தது, கடைசியில் கேப்டனுக்கு நீலத் தாடி முளைத்துவிட்டது. அண்ணாச்சி கல்லாவிலிருந்து கழுத்தை நீட்டினார். நான் உடனே கேப்டன் குரலில், “புயலில் சிக்கிவிட்டேன் நண்பா, புதுத் தாளில் கரையேறுகிறேன்!” என்று சொல்லி, வேறொன்று வரைந்து தப்பித்தேன்.

அடுத்த படத்துக்கு வழி கண்டுபிடித்தவர் செல்வின் அண்ணன். கடையில் சிப்ஸ் பாக்கெட் போடுகிறவர். என் படத்தை ஒரு சிப்ஸ் கவரில் நுழைத்து, சீல் வைக்கிற மெஷினில் ஒரு அழுத்து அழுத்தினார். அவ்வளவுதான், இனி அருவிக்கு அடியிலேயே கொண்டுபோய்க் காட்டலாம். அன்றிலிருந்து என் படங்களெல்லாம் தலையணை மாதிரி உப்பித்தான் வெளியே போகின்றன. அப்படி முதலில் வாங்கிய அத்தை ஒருவர் கவரை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உள்ள வெறும் காத்தாத்தானப்பா இருக்கு, நாலு சிப்ஸும் சேத்துப் போட்டாத்தான் என்ன?”

எந்த வீட்டு டிவி

கல்யாணமான புதுசில் வந்தது ஒரு ஜோடி. அவர் பாவூர்சத்திரம், அந்த அக்கா செங்கோட்டை. அக்காவை லீமாவாக வரைந்து, கழுத்துத் துண்டுக்குச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். “பச்சை தம்பி” என்றார் அக்கா. “சிவப்புதான்” என்றார் அவர். சண்டை வலுத்தது. கொஞ்சம் தோண்டி விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அக்கா வீட்டு டிவி பழசு, எல்லாமே பச்சையடித்துத்தான் தெரியுமாம். அவர்கள் வீட்டில் கரிவாயன்கூடப் பச்சைதான். அத்தனை வருஷமாக அது முதலை ஜாதி என்று அக்கா நினைத்திருந்தார்.

அக்கா முகம் வாடிவிட்டது. சின்ன வயது முழுக்கத் தப்பான நிறத்தில் ஓடியிருக்கிறதென்றால் யாருக்குத்தான் வாடாது? நான் இரண்டு பேனாவையும் கையில் வைத்துக்கொண்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவரே என் காதருகே குனிந்தார்: “பச்சையே அடிச்சிருங்க தம்பி, ஊருக்குப் போற வரைக்கும் நான் இவ பக்கத்து சீட்டுலதான் உக்காரணும்.”

இரண்டு அண்ணாச்சி

அண்ணாச்சிக்கு ஒரு தனிக் குரல் உண்டு. தொண்டையில் ஒரு வெற்றிலைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருப்பது போலவே பேசுவார். அவர் சாப்பிடப் போன ஒரு மத்தியானம், எனக்குத் தொண்டை அரித்தது. கடை முகப்பில் தொங்கும் பழக்குலைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “லே செல்வினு! வாரவங்களுக்கு ஒரு கை கூடப் போட்டுக் குடு, நம்ம என்னத்தக் கொண்டுட்டுப் போவப் போறோம்” என்றேன். கேட்டது சரிதானா என்று செல்வின் அண்ணன் காதைக் குடைந்துகொண்டார். அப்புறம் மகராசனாக அள்ளிப் போட ஆரம்பித்துவிட்டார்.

அண்ணாச்சி திரும்பி வந்தபோது கடை வாசலில் நல்ல கூட்டம். ஆளாளுக்கு அவரை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். புகழ்ச்சியையும் தட்ட முடியவில்லை, சிப்ஸையும் திரும்பக் கேட்க முடியவில்லை. கும்பிட்டபடியே என்னைத் தேடிப் பிடித்துவிட்டார். யாரும் குறை சொல்லாததால் மேசை பிழைத்தது. ஆனால் என் வாய்க்குத் தடை. இனிமேல் வரையலாம், பேசக் கூடாது. மீறினால் மேசை கிடையாது. தீர்ப்பை அவர் வாயாலேயே கேளுங்கள்: “என் கடையில எனக்காக நான் மட்டுந்தாம்லே பேசணும்.”

பறவைக்கு மனு கிடையாது

வாய் மூடியிருந்த அந்த நாட்களில் வந்தவர் வீரகேரளம்புதூரிலிருந்து ஒரு சார். ஏதோ அரசு அலுவலகத்தில் வேலை. மடித்த துண்டும் கண்ணாடியுமாக வெகு நேரம் தள்ளி நின்றுவிட்டு, கடைசியில் வந்து, தன்னைப் பம்புவாக வரையச் சொன்னார். மகனோடு உட்கார்ந்து பார்த்தவராம். மகன் பாதியில் விட்டுவிட்டான், இவர் விடவில்லையாம். பறவை உடம்பில் அவர் முகத்தை வைத்து அழகாக ஆரம்பித்தேன். அவர் பதறித் தடுத்தார்: “முகமும் பறவையாவே இருக்கட்டும் தம்பி, ஆபீஸ்ல மாட்டப் போறேன், என் முகத்தப் பாத்தா அதுகிட்டயும் மனுவ நீட்டிருவாங்க.”

பம்பு குதித்தது

போன ஞாயிற்றுக்கிழமை மலையில் நல்ல மழை. அருவி பொங்கிக்கொண்டு வந்தது. போலீஸ் கயிறு கட்டிக் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். எண்ணெய் தேய்த்தவர்கள் எண்ணெயோடும், துண்டு கட்டியவர்கள் துண்டோடும் எங்கள் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினார்கள். குளிக்காதவன் சிப்ஸ் வாங்க மாட்டான். அருவியில் நின்றால்தான் பசியே வரும். அண்ணாச்சி சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். என் முன்னால் ஒரு சின்னப் பாப்பா, அருவி வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தது. அப்பா என் மேசையிலிருந்த பம்புவைக் காட்டி, “இது எப்படிப் பேசும் தெரியுமா?” என்றார். அழுகை நின்றது. பாப்பா என் வாயைப் பார்த்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? நான் மேசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். பிறகு பம்பு குரலில், “ஐயையோ, கீழே பார்க்காதே, எனக்கு மயக்கம் வருகிறது!” என்றேன். கூட்டம் மொத்தமும் திரும்பியது. கேப்டனைக் கேட்டார்கள், லீமாவைக் கேட்டார்கள். எண்ணெய் வழிய நின்ற மாமா ஒருவர், “கடைசி எபிசோடப் போடுலே, அது போடும்போதெல்லாம் எங்க தெருவுல கரண்ட் இருக்காது” என்றார். போட்டேன். கரிவாயன் பாயைக் கிழித்துவிட்டான், படகு சாய்கிறது, கேப்டன் கை நழுவித் தொங்குகிறான், அவனைப் பிடிக்க வேண்டுமென்றால் பம்பு பாய்மரத்தை விட்டாக வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு அம்மா சத்தம் போட்டார்: “அண்ணாச்சி, சிப்ஸ் வாங்க வழியில்ல, என்ன கூத்து நடத்துதிய இங்கன?”

குறை வந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அண்ணாச்சி மேசை மேல் கையை வைத்தார். போகிறதுதான் போகிறது, பாப்பாவுக்காவது முடித்துவிடுவோம் என்று நான் நிறுத்தவில்லை. பம்பு கண்ணை மூடியது. மரத்தை விட்டது. குதித்தது. குதித்ததுதான் தாமதம், வெளியே போலீஸ் விசில். “குளிக்க விட்டாச்சு, விட்டாச்சு!” என்று யாரோ கத்த, மொத்தக் கூட்டமும் துண்டைத் தூக்கிக்கொண்டு அருவிக்கு ஓடியது. பாப்பாவும் அப்பா தோளில் ஏறி ஓடிவிட்டது. குறை சொன்ன அம்மாவும் காணோம். நான் பேனாக்களைப் பெட்டியில் போட்டுவிட்டு, மேசையின் என் பக்கத்தைப் பிடித்தேன். அண்ணாச்சி கையை எடுக்கவில்லை.

“குதிச்சுச்சே, பெறவு பறந்துச்சா இல்லையா? அதச் சொல்லிட்டு மேசையத் தூக்குலே.”

நான் இன்னும் சொல்லவில்லை. சீசன் முடிகிறவரை பம்பு அந்தரத்திலேயே நிற்கட்டும், மேசை தரையில் நிற்கட்டும்.