மஞ்சள் துணி விழுந்த பிறகு

நிலா, ஜூட்... பிள்ளைகளே, இந்த வாரம் உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். அந்த வேலிக் கதையை நீங்கள் லா ஷப்பெல் தமிழ்க் கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிவதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது!

போன ஞாயிறு நிலாவின் அணிக்கு அமெரிக்கன் புட்போல் இறுதிப் போட்டி. காலைவிடக் கைக்கே வேலை அதிகமான புட்போல்! எங்கள் பிள்ளைதான் கப்டன். ஒரு புள்ளி முன்னிலை. கடைசி நிமிடம். பந்து எதிரணியிடம். பத்து யார்ட் முன்னேற அவர்களுக்கு நான்கு முயற்சிகள் — மூன்று போய்விட்டன. நான்காவதும் தவறினால் பந்து எங்களுக்கு.

எறிந்தார்கள். ஒருவர் கையிலும் சிக்காமல் பந்து நிலத்தில் விழுந்தது. துள்ளினேன்.

ஆனால் தவறு கண்டால் நடுவர் வீசும் மஞ்சள் துணியும் நிலத்தில் கிடந்தது. எதிரணிப் பெண் ஒருத்தி எங்கள் அணிப் பிள்ளையொன்றின் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்! அதற்குத் தண்டனை, அவர்கள் பத்து யார்ட் பின்னால் போகவேண்டும்.

நடுவர் நிலாவைக் கூப்பிட்டுக் கேட்டார் — தண்டனை வேண்டுமா, வேண்டாமா?

இப்படியும் ஒரு கேள்வியா? எங்கள் ஆட்களின் வொலிபோல் போட்டியில் ஒரு விசில் ஊதினால் பாதிச் சனம் மைதானத்துக்குள் நிற்கும். அந்தப் பழக்கம்... என் ஒரு கால் வேலிக்கு அங்கால் போய்விட்டது.

"விடாதை பிள்ளை! பின்னாலை தள்ளச் சொல்லு!"

நிலா திரும்பியும் பார்க்கவில்லை. வேண்டாமென்று தலையாட்டினாள். தண்டனை வேண்டாமாம் என்று நடுவர் இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கீழே குறுக்காக வீசிக் காட்டினார். நான் தலையில் கை வைத்தேன். ஜூட் என் ஜக்கெட்டைப் பிடித்து இழுத்தான்.

"இறங்குங்கோ அப்பா. தண்டனையை எடுத்தா அவை அந்த நாலாவதைத் திரும்ப விளையாடலாம். வேண்டாமெண்டா பந்து எங்களுக்கு. மட்ச் முடிஞ்சுது."

முடிந்தேவிட்டது! வென்றோம்! வேலியில் இருந்தபடியே விசிலடித்தேன்.

இருந்தாலும் கார்ஜிலுள்ள வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஆறவில்லை. சட்டையை இழுத்தவளுக்கு ஒன்றுமே இல்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். பின் சீட்டில் சேறும் மெடலுமாக இருந்த நிலா சொன்னாள்:

"அப்பா, நாங்கள் அவையைத் தண்டிக்கவே போனனாங்கள்? வெல்லவெல்லோ போனனாங்கள்."

உங்கள் இரண்டு பேரையும் வாசலில் இறக்கிவிட்டு பார்க்கிங்குக்குப் போனேன். எங்கள் இடத்தில், வழக்கம்போல, மூன்றாம் மாடிக்காரரின் கார்! ஏறிப்போய் மணியடித்தால் அரைமணிநேரச் சண்டை நிச்சயம். மேலே அம்மா புரியாணியோடு காத்திருக்கிறாள். பக்கத்தில் விருந்தினருக்கான இடம் ஒன்று காலி.

அதில் விட்டேன். சுற்றிப் பார்த்தேன். ஒருவருமில்லை.

இரண்டு கைகளையும் இடுப்புக்குக் கீழே, நடுவர் மாதிரியே, நன்றாக வீசினேன்.