ஹவுராவில் ஒரு தகர நகரம்

கல்கத்தாவுக்குக் கலைக் கண்காட்சி பார்க்கப் போகிறவர்கள் எப்போது போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் போனது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜூலை மாதம். அந்த மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

போனது மீனாட்சிக்காக. மெட்ராஸ் ஓவியக் கல்லூரியில் என்னோடு படித்தவள். திருநெல்வேலிக் குடும்பம், அப்பாவுக்கு வங்கி வேலை, அவள் பிறந்து வளர்ந்தது காளிகாட்டில். அது அவளுடைய முதல் கண்காட்சி.

மெட்ராஸிலிருந்து ஹவுரா மெயில் ரயிலில் 1,660 கிலோமீட்டர். ஒரிசா தாண்டியதிலிருந்து விடாத மழை. ஹவுரா நிலையத்தில் மீனாட்சி குடையோடு நின்றாள். "வந்திட்டியாட்டி! வரமாட்டேன்னு நெனச்சேன்" என்றாள். கண்காட்சி நடக்கும் இடம் இரண்டு கிலோமீட்டரில், மூடிக்கிடந்த ஒரு பட்டறைக் கொட்டகை. ரிக்‌ஷாக்காரர் தெருவைப் பார்த்துவிட்டு, "ஹாட்டு ஜொல், தீதி" என்றார். முழங்கால் அளவு தண்ணீராம். நடந்தே போனோம்.

உள்ளே தரை முழுக்க ஒரு நகரம். பட்டறைகளில் கழித்துப் போட்ட தகரத்தை வெட்டி, வளைத்துச் செய்தது. நடுவில் பொது முற்றம், சுற்றிலும் வட்டமாக வீடுகள். எந்த வீடும் பக்கத்து வீட்டைவிட உயரமில்லை. எல்லா ஜன்னல்களும் ஓரத்தில் தகரத்திலேயே செய்த ஆற்றைப் பார்த்திருந்தன. கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லை தாண்டி வந்து ரயில் பாதையோரம் குடிசை போட்டிருந்த குடும்பங்களிடம் அவள் மாதக்கணக்கில் பேசியிருந்தாள். விட்டுவந்த வீடு எப்படி இருந்தது, இனி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு, இரண்டையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு செய்திருந்தாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள் திறப்பு. ஓவியர்கள் சிலர் வந்தார்கள், பாராட்டினார்கள். பிறகு அந்தக் குடும்பங்கள் வந்தன. துவைத்த சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை. ஏதோ அலுவலகத்துக்குள் நுழைவதுபோல வாசலிலேயே தயங்கி நின்றார்கள்.

எல்லோரும் மாசி, அதாவது சித்தி, என்று கூப்பிட்ட பாருல் என்றொரு அம்மாள், பலாமரம் வைத்த தன் வீட்டைத் தானே கண்டுபிடித்தார். குனிந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்து மீனாட்சியிடம், "கொபே தேபே?" என்றார்.

மீனாட்சியின் முகம் வெளுத்துவிட்டது.

"என்ன கேக்கறாங்க?" என்றேன்.

"எப்போ குடுப்பேன்னு கேக்கறாங்க. கவர்மென்ட் பிளான்னு நெனச்சிருக்காங்கட்டி."

இது கலை மட்டும்தான், யாரும் கட்டப்போவதில்லை என்று அவள் வங்காளியில் விளக்கினாள். பின்னால் நின்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக வெளியே போனார்கள். யாரும் சத்தம் போடவில்லை. மாசி மட்டும் நின்று ஏதோ கேட்டுவிட்டு, அவரும் மழையில் இறங்கினார். அதை மீனாட்சி அன்று சாயங்காலம்தான் எனக்குச் சொன்னாள்: "அப்போ அடுப்படி எந்தப் பக்கம் வேணும்னு என்னை ஏன் கேட்டே?"

டெல்லிக்காரர் ஒருவர் மொத்த நகரத்தையும் வாங்கிக்கொள்ளக் கேட்டார். மீனாட்சி மறுத்துவிட்டாள். அடுத்த நாள் மாசியின் தகர வீட்டை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு ரயில் பாதையோரம் போனோம். மாசி எங்களைத் திட்டவில்லை. குடிசைக்குள் ஒழுகிய இடத்தில் பாத்திரத்தை நகர்த்தி வைத்துவிட்டு, வீட்டை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார்.

"இங்கே இருந்தா துருப்பிடிச்சிடும். உன் வீட்டுலயே வெச்சுக்கோ, மா."

மீனாட்சி திரும்பி வந்து கண்காட்சியை அன்றே மூடினாள். அதன் பிறகு அவள் யாரையும் கேட்டு எதையும் செய்ததில்லை. பூ, பழம், ஜாடி என்று வரைந்தாள், நன்றாகவே விற்றது.

போகிறவர்களுக்கு: டிசம்பர், ஜனவரியில் போங்கள். ஹவுராவிலிருந்து ஊருக்குள் போகப் பாலத்தைவிடப் படகு நல்லது. எதைப் பார்த்தாலும், அது யாரைப் பற்றியதோ அவர்கள் அதைப் பார்த்தார்களா என்று ஒருமுறை விசாரியுங்கள்.

அந்தத் தகர வீடு காளிகாட்டில், மீனாட்சியின் அலமாரிமேல் இருந்தது. பாருல் மாசி இரண்டு வருஷம் துர்கா பூஜைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாராம். மூன்றாம் வருஷம் மீனாட்சி ரயில் பாதையோரம் போனபோது, அங்கே குடிசைகளே இல்லை.