ஓ-ரிங்கில் ஒட்டிய திருநீறு

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமியைக் குறை சொல்கிறான் என்று நம்மவர்கள் வருத்தப்படுவார்களோ, மற்றவர்கள் சிரிப்பார்களோ என்ற பயம்தான். பத்தாவது வரை படித்தவன் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வீடு மலைமேல், செண்பகனூரில். ஓய்வு பெறும்வரை வேலை நடுக்கடலில். காற்று, அலை, தண்ணீரின் சூடு இவற்றை அளந்து கரைக்கு அனுப்பும் மிதவைகளைப் பழுது பார்ப்போம். மிதவையின் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு சிலிண்டருக்குள் இருக்கும். அதன் மூடிக்கு அடியில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். அதில் ஒரு தலைமுடி கிடந்தாலும் கடல் உள்ளே வந்துவிடும்.

மூடும்போது மூடியின் விளிம்பில் பழனித் திருநீறு ஒரு சிட்டிகை வைத்துக் கும்பிடுவேன். பிறகு ஜப்பார் போல்ட் முடுக்குவார். பழனி கடைவீதிக்காரர், கான்ட்ராக்ட் ஆள்.

ஒருமுறை நான் லீவில் இருந்தபோது, புயல் வருகிற நேரம் பார்த்து ஒரு மிதவை தகவல் அனுப்புவதை நிறுத்திவிட்டது. வேறு குழு போய்த் தூக்கியது. ஆபீசர் போன் செய்தார்.

“உள்ள பூராத் தண்ணி. போல்ட்ட ஒழுங்கா முடுக்கல. ஜப்பாரை நிப்பாட்டிட்டேன். நீங்க சீனியர், ரிப்போர்ட்ல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க.”

அவர் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓ-ரிங்கில் வெள்ளையாக ஒரு கோடு. உப்பு என்று அவர் நினைத்திருந்தார். அது நான் திருநீறு வைத்த இடம். கிரீஸோடு குழைந்து ஒட்டியிருந்தது.

சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீட்டில் போன் டவர் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மழையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வந்து ஆபீசரிடம் பேசினேன்.

“சார், போல்ட்டுல கோளாறு இல்ல. அந்த வெள்ளை நான் வச்ச திருநீறு. என் பேர எழுதிக்கங்க.”

“உங்க வேலைக்கு ஆபத்துய்யா.”

“ஜப்பாருக்கும் அது வேலைதான சார்.”

அடுத்த பஸ்ஸில் பழனிக்கு இறங்கினேன். ஜப்பார் தன் அண்ணன் கடையில் பேரீச்சம்பழம் நிறுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“தெரியும்ணே. முடுக்கும்போதே பாத்தேன்.”

“ஏலே, பாத்துட்டா முடுக்குன? தொடச்சிருக்க வேண்டியதுதான?”

“உங்க சாமி திருநீறு. அழுக்குத் துணியப் போட்டு நான் எப்படிண்ணே தொடைக்க? மனசு சங்கடப்பட மாட்டீங்களா?”

அன்று அவர் தொட்டிருந்தால் நான் முகம் சுளித்திருப்பேனோ என்னவோ.

எனக்கு மெமோ வந்தது. கொஞ்ச காலம் என்னைக் கப்பலில் ஏற்றவில்லை. ஜப்பாரைத் திரும்ப எடுக்கும்வரை நான் ஆபீசரை விடவில்லை. கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினேன், எடுத்துக்கொண்டார்கள்.

மறுபடி நான் கப்பல் ஏறிய அன்று, சிலிண்டருக்குக் குறுக்கே ஜப்பார் நின்றார்.

“சாமி கும்பிட்டாச்சா? அப்ப நெத்தியத் தொடச்சு, கையக் கழுவிட்டு வாங்க. ஒரு பொட்டு ஒட்டியிருந்தாலும் நானே தொடைப்பேன். கோவிக்கக் கூடாது.”

“வெரசாத் தொடைடா தம்பி” என்றேன்.

அன்று முதல் மூடியைத் திறப்பதற்கு முன்பே கும்பிட்டுவிடுவேன். இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பக்கத்து ஆள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அவர் வேலையில் தப்பைக் கண்டால் வாய் திறந்து சொல்லுங்கள். அவர் சொன்னால் கேளுங்கள்.

இதைப் பிறருக்குச் சொல்லும்போது திருநீற்றை மறைக்காதீர்கள். ஜப்பார் பார்த்தும் பேசாமல் இருந்ததையும் விட்டுவிடாதீர்கள். உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள்.