ஏறி இறங்கும் வோல்டேஜும் என் பல்பு பெஞ்சும்

செத்துப்போன பல்புகளின் மூடியைக் கழற்றிக்கொண்டே இதை எழுதுகிறேன். கழற்றும்போது பேனா பெஞ்சில் கிடக்கும், எழுதும்போது பல்பு கிடக்கும். கோவில்பட்டியில் ஒரு எலெக்ட்ரிக் கடையின் பின்பக்கம் எல்.இ.டி. பல்பு ரிப்பேர் பார்ப்பது என் வேலை. பல்புக்குள் பிஸ்கட் அளவுக்கு ஒரு போர்டு இருக்கும். டிரைவர் என்பார்கள். லைனில் கரண்ட் கூடினாலும் குறைந்தாலும், விளக்குக்கு வேண்டியதை மட்டும் அளந்து கொடுக்க வேண்டியது அதன் பாடு. முதலில் சாவதும் அதுதான். சாயங்காலம் பல்பு கண் சிமிட்டினால் அண்ணாந்து பார்த்து வைகிற ஆளா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

நான் ஆறாவதோடு நின்றவள். புது ஆளைப் பார்த்தால் பேச்சு வராது. பெஞ்சுக்குப் பக்கத்தில் பிள்ளைக்குத் தொட்டில் கட்டிக்கொள்ள முதலாளி அண்ணாச்சி சம்மதித்தார். இந்த வேலையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

இங்கே எரியும், அங்கே எரியாது

ஆரம்பத்தில் புதுப் போர்டு வைப்பேன், சுவிட்சைப் போடுவேன், எரிந்தால் கொடுத்துவிடுவேன். இடைசெவல் பக்கத்துக்காரர் ஒருவர் அதே பல்போடு திரும்பத் திரும்ப வந்தார். கடையில் மாட்டினால் பளிச்சென்று எரியும். அவர் வீட்டில் மினுக் மினுக். அவர் ஊரில் கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் படுத்துவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. டவுன் கரண்டில் சோதித்துத் தோட்டக்காட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். "ஒண்ணு உங்க கடையை எங்க ஊருக்குத் தூக்கிட்டு வாங்க, இல்லேன்னா எங்க வீட்டை இங்கன கொண்டாந்து வைக்கேன்" என்றார்.

பெஞ்சு போனால் தொட்டிலும் போகும். பழையபடி தீப்பெட்டி ஆபீசுக்குப் போக வேண்டும். தீக்குச்சி மருந்து புழங்குகிற இடம், பிள்ளையை உள்ளே விட மாட்டார்கள். அந்த இடைசெவல்காரர் போனதும் அண்ணாச்சி சொன்னார்: "இப்படியே திரும்பி வந்தா, ரிப்பேரை நிப்பாட்டிட்டு புதுப் பல்பு மட்டும் வித்துக்கிடுதேம்மா."

மோட்டார் விசாரணை

அதிலிருந்து பல்பைக் கையில் வாங்குவதற்கு முன்னால் கேட்க ஆரம்பித்தேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான். "உங்க பக்கம் மோட்டார் எத்தனை ஓடும்? டிரான்ஸ்பார்மர் வீட்டுக்குப் பக்கமா, தூரமா?" கயத்தாறு அக்கா ஒருவர் மோட்டார் ஒன்று என்றார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்றார். நான் கேட்காமலே நிலக் கணக்கையும் சொன்னார். அப்புறம் சந்தேகம் வந்து என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்: "ஏட்டி, எங்க வீட்டுல கல்யாண வயசுல பையன் இல்லையே, நீ யாருக்கு விசாரிக்க?"

டமார்

கேட்டால் மட்டும் போதவில்லை. அண்ணாச்சியிடம் நானாக வாய் திறந்து கேட்ட முதல் சாமான் வேரியாக். ரேடியோவில் சத்தம் கூட்டுகிற மாதிரி திருகினால் வோல்டேஜ் ஏறும், இறங்கும். பழசாக ஒன்று வாங்கித் தந்தார். மோட்டார் ஓடும்போது படுக்கிற வோல்டேஜ், எல்லா மோட்டாரும் ஒன்றாக நின்றால் துள்ளி எழும். அதனால் ஒவ்வொரு பல்பையும் முதலில் தாழ்த்துவேன், பிறகு ஏற்றுவேன்.

ஆடு வளர்க்கிற பெரியவர் ஒருவர் பட்டி விளக்கைக் கொண்டுவந்தார். லேசாகச் சிமிட்டுகிறது, அவ்வளவுதான் என்றார். தாழ்த்தினேன், சிமிட்டியது. ஏற்றினேன், டமார்! உள்ளே கெபாசிட்டர் வெடித்துவிட்டது. தொட்டிலில் பிள்ளை விழித்துக் கைதட்டினாள். நான் வேறு போர்டு வைத்து, தாழ்த்தி ஏற்றிக் காட்டி, "இனிமே எரியும் தாத்தா" என்றேன். அவர் பல்பைத் தொடவே இல்லை. "எரிஞ்சுக்கிட்டு இருந்ததைக் கொன்னுட்டு, இனிமே எரியும்ங்கியே தாயி!"

தீப்பெட்டி ஆபீஸ் விளக்கு

நான் முன்பு வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீசிலிருந்தே ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பல்பு வந்தது. அங்கே டமார் என்றால் கைதட்ட ஆள் இருக்காது. "இதுல ஒண்ணு திரும்பி வந்தாலும் பெஞ்சைத் தூக்கிருவேன்" என்று அண்ணாச்சி முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒவ்வொன்றையும் உச்சத்தில் ஏற்றி, அடிப்பாகம் சுடும்வரை விட்டுவைத்தேன். தாங்காதது என் பெஞ்சிலேயே வெடிக்கட்டும். பல்புகளைக் கொண்டுவந்து பக்கத்தில் நின்று பார்த்த ஆபீஸ் கணக்கப்பிள்ளைக்கு என்னைத் தீப்பெட்டி அடைத்த காலத்திலிருந்தே தெரியும். "அங்க ஒரு குச்சி பத்திக்கிட்டாலே அழுவ. இங்க வெடிக்க விட்டுட்டுச் சிரிக்கியே!"

பல்புகள் போயாயிற்று. மோட்டார் ஓடுகிற காலமும் வந்தாயிற்று. இன்றுவரை ஒன்றும் திரும்பவில்லை. ஆனாலும் இதோ, முன்பக்கம் கணக்கப்பிள்ளையின் குரல், கூடவே பையில் பல்பு உரசுகிற சத்தம். இப்போது என்னைக் கூப்பிடுவார்கள். அதற்குள் முடித்துவிடுகிறேன்: வோல்டேஜும் வாடிக்கையாளர் குரலும் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் நாம்தான் முதலில் வாயைத் திறந்து...

"ஏம்மா செல்வி, இங்கன வா! கணக்கப்பிள்ளை அவிய வீட்டுப் பல்பைக் கொண்டாந்திருக்காவ. நீ கேக்குறதுக்கு முன்னாலேயே சொல்லுதாவ, தெருவுல மோட்டாரே இல்லையாம், டிரான்ஸ்பார்மர் வீட்டு வாசல்லதானாம்!"