கொட்டச் சொன்ன ஈசல்

குந்தாரப்பள்ளிச் சந்தையில் போன வாரம் காவேரி எதிரே வந்தாள். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். இன்று ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். "சார், முனிரத்தினம் சார் நேத்து போயிட்டாரு" என்றாள். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று அவரைப் பற்றியே பேசினோம். அவரை அறிந்தவர்களுக்காக, அப்போது எங்கள் இருவர் மனதிலும் வந்த ஒரு நாளை எழுதுகிறேன்.

வேப்பனப்பள்ளி அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் நாங்கள் இரண்டே ஆசிரியர்கள். நான் நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. அவர் கூலிவேலைக் குடும்பத்தில் முதலில் படித்தவர். ஒருமுறை காவேரி வறுத்த ஈசலும் பொரியும் மடியில் கட்டி வந்தாள். பூச்சியைத் தின்னலாமா என்று அதட்டி, வெளியே கொட்ட வைத்தேன். மாலையில் முனிரத்தினம், "கறி வாங்க முடியாத வீட்டுக்கு மழை கொண்டாந்து போடுற கறி சார் அது" என்று மட்டும் சொன்னார்.

எதையும் கூட்டிச் சொல்ல மாட்டார். முசுறு எறும்பை நசுக்கி முகர்ந்தால் சளி போகும், பிள்ளை பெற்றவளுக்கு ஈசல் நல்லது என்றெல்லாம் ஊரில் சொல்வார்கள். "ஈசல்ல தெம்பு இருக்கு, அது சாப்பாடு. சளி போகுமான்னு எனக்குத் தெரியாது. தெரியாததை மருந்துன்னு சொல்லமாட்டேன்" என்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த ஆண்டு அது. பிள்ளைகளின் முழங்கால் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. முதல் மழைக்கு ஈசல் வந்தால் விடாமல் பிடித்து, வறுத்துக் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார். ஒரு சாயங்காலம் மழை வந்தது. வழக்கமாக வெளியே குழி வெட்டி விளக்கு வைப்பார்கள். அன்று காற்று விளக்கை நிற்க விடவில்லை. வீட்டுக்குள் சுவரோரம் ஏற்றி, சுவரில் மோதி விழுந்ததைக் கூட்டி அள்ளினார்கள். முந்தின நாள்தான் கொசு ஒழிக்க அரசாங்க ஆட்கள் வந்து அந்தச் சுவர்களில் டி.டி.டி. மருந்து அடித்திருந்தார்கள்.

மறுநாள் காலை, இறக்கையெல்லாம் சுண்ணாம்பு போல ஏதோ ஒட்டியிருந்தது என்று காவேரி அவரிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. அவர் சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். தெருவெல்லாம் வறுக்கிற வாசனை. சிலர் உடனே கொட்டினார்கள், சிலர் முறைத்தார்கள். காவேரியின் அம்மா லட்சுமம்மா மட்டும் சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் இரண்டு நாள் கழித்து அந்த ஈசலை வறுக்கத்தான் அடுப்பெரிந்தது. காவேரியின் தம்பி, சின்னவன், ஒரு பிடி தின்றிருந்தான்.

"ஏம்ப்பா முனிரத்தினம், தின்னுன்னு சொன்னது உன் வாயி. கொட்டுன்னு சொல்றதும் அதே வாயி. நான் எதை நம்பறது?"

"ரெண்டையும் நம்புக்கா. நேத்து எனக்குத் தெரியல. இன்னிக்குத் தெரியுது."

அவள் என்னைப் பார்த்தாள். "இந்த சாரு மொதல்லயே கொட்டுன்னாரு. அப்ப இவருதான் சரியா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், சட்டி காலியாகிவிடும். அதை முனிரத்தினம் சொல்லியிருக்கலாம்.

"அவரு சொன்னது தப்பு. ஈசல்ல குத்தமில்ல, செவுத்து மருந்துலதான் குத்தம். இதைக் கொட்டு. அடுத்த மழைக்கு வெளியில விளக்கு வெச்சி நானே புடிச்சித் தரேன்."

சட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு அவள் கொட்டினாள். கோழி கொத்தாதபடி அவர் மண்ணைத் தள்ளி மூடினார். நான் வீட்டிலிருந்து கேழ்வரகு மாவு கொண்டுவந்தேன். பிறகு எல்லாரும் சின்னவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் ஒருமுறை குமட்டினான். லட்சுமம்மா தெலுங்கில் தெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்தாள். முனிரத்தினத்தின் கை அவன் முதுகைவிட்டு அகலவில்லை. பொழுது சாயும் நேரத்தில் பையன் களி கேட்டான். முனிரத்தினம் எழுந்து போய், தொட்டியண்டை நின்று நெடுநேரம் முகம் கழுவினார்.

அடுத்த மழைக்குச் சொன்னபடியே வந்தார். வறுத்ததை முதலில் தான் தின்றார், பிறகு என் பக்கம் நீட்டினார். தின்றேன். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் காவேரியிடம், "அன்னிக்கு எனக்குத் தெரியல. இன்னிக்குத் தெரியுது" என்றேன். அவள் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்த இரண்டு வாக்கியங்கள்தான். ஓய்வு பெறும்வரை பிள்ளைகள் முன்னே அவற்றைப் பலமுறை சொல்ல வேண்டிவந்தது. ஒவ்வொரு முறையும் நாக்கு தயங்கும். ஒவ்வொரு முறையும் என் முதுகில் ஒரு கை இருப்பது போலிருக்கும்.