பாவாவின் பெயரைத் தேடினால்

என் பாவாவின், அதாவது அக்காள் கணவரின், பெயரைத் திருடித்தான் நான் முன்னுக்கு வந்தேன். இதுவரை யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்... அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

திருத்தணியில் நாங்கள் இருவருமே கல்யாணச் சமையல்காரர்கள். முனிரத்தினம் பாவாவின் சாம்பாருக்காக முகூர்த்தத்தையே தள்ளி வைத்தவர்கள் உண்டு. என் சாம்பாரை இலையோரம் தள்ளி வைத்தவர்கள்தான் உண்டு.

இன்டர்நெட் பற்றி ஊரே பேசத் தொடங்கிய காலம். அடுப்பில் முந்த முடியாதவன் அங்கேயாவது முந்தலாமே என்று ஓர் இணையதளம் தொடங்கினேன். ஒரு போன்கூட வரவில்லை. ஆகவே, அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய சுமதியை ஆலோசகராக அமர்த்தினேன். தேடுபவர் கண்ணில் நம் தளம் முதலில் படும்படி செய்வது அவள் தொழில்.

"ஜனங்க இன்னா வார்த்தை போட்டுத் தேடுவாங்களோ அது உங்க பக்கத்துல இருக்கணுங்க. இன்னா போடுவாங்க?" என்று கேட்டாள்.

நேர்மையாக யோசித்தேன். அதுதான் வினை!

"முனிரத்தினம்னுதாங்க போடுவாங்க."

"அவர் யாருங்க?"

"எங்க பாவா."

"அவருக்குத் தெரியுமா?"

"நான் சொல்லிக்கிறேங்க."

வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, பக்கத்தின் அடியில் அந்தப் பெயரை வரிசை வரிசையாகக் கொட்டினாள். இயந்திரம் மட்டும் படிக்குமாம். மனிதர் கண்ணில் படாத பாவம் பாவமா என்ன?... என்னையே கேட்டுக்கொண்டேன்.

சென்னையிலிருந்து அழைப்புகள் வந்தன. "முனிரத்தினம் சமையல்தானே?" என்பார்கள். "ஆங், சொல்லுங்க" என்பேன். நினைத்தால் இன்றும் நாக்கு கூசுகிறது.

பிறகு ஒரு கல்யாணத்தில் என் பாயசம் அடிப்பிடித்தது. பெண்வீட்டார் முனிரத்தினத்தைத் திட்டிக்கொண்டே வண்டி ஏறினார்கள். செய்தி பாவாவுக்கு எட்டியது. நேராக என்னிடம் வந்தார்.

"எவனோ என் பேரைச் சொல்லிக்கினு சமைக்கிறான், மச்சான். கம்ப்யூட்டர்ல தேடினா ஆப்டுவானாமே. அரக்கோணம் போலாம் வா."

ரயிலில் வழியெல்லாம் அந்தத் திருடனை என்ன செய்யப்போகிறார் என்று விவரித்துக்கொண்டே வந்தார். பெரிய கரண்டி ஒன்றுக்கு அதில் முக்கியப் பங்கு இருந்தது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அவர் கண்ணில் பட்ட முதல் கம்ப்யூட்டர் சென்டர்... சுமதியுடையது!

சுமதி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவள் பாவாவின் பெயரைத் தட்டினாள். முதலாவதாக வந்தது என் தளம். திறந்ததும் திரை நிறைய என் புகைப்படம்.

பாவா வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"என் பேரைப் போட்டா உன் மூஞ்சி வருதேடா," என்றார். குரல் தழுதழுத்தது. "எனக்குன்னு இருக்கறது நீதான்னு கம்ப்யூட்டருக்கே தெரிஞ்சிருக்குது பாரு."

அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம், இல்லையா? "ஆமாங்க பாவா" என்றேன். சுமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பெயர் கெட்டதால் அவருக்கு வேலை குறைந்தது. பரிகாரமாக என்னோடு சேர்த்துக்கொண்டேன். அந்தப் பரிகாரத்தின் பலனும் எனக்கே வந்தது... என் பந்திகளில் இப்போது சாம்பாரை மறுபடி கேட்கிறார்கள்!

ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்காள் வீட்டில்தான் சாப்பாடு. "ஊரே என்னைத் திட்டினப்போ என் மச்சான் ஒருத்தன்தான் கைவிடல," என்று வந்தவர்களிடமெல்லாம் பாவா சொல்கிறார். அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வடையை எனக்கு வைக்கிறாள்.

"இன்னொண்ணு வெக்கட்டாடா?" என்கிறாள்.

தலை நிமிராமல் இலையைக் காட்டுகிறேன்.