கேஜில் விட்ட இடம்

சுரங்கத்தின் அடியிலிருந்து ஆட்களை மேலே ஏற்றும் கேஜில் என் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு, கம்பியோடு ஒட்டி நின்றேன். பங்காருபேட்டையிலிருந்து இந்தத் தங்கச் சுரங்கத்துக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. முந்தாநாள் பாறை சரிந்து என் கூட்டாளி செத்துப்போயிருந்தான். உடம்பை மேலே கொண்டுவந்து அடக்கம் செய்தாயிற்று. ஆனால் உயிர் கீழேயே நின்றுவிடும், செத்த இடத்தில் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கூடவே கேஜில் ஏற்றி அழைத்து வரவேண்டும் என்பது சுரங்கக் கூலிகளான எங்கள் லைன் வீடுகளின் வழக்கம். வீட்டு வாசல் சேரும்வரை கூப்பிட்டவன் வாய் திறக்கக்கூடாது. பெண்கள் சுரங்கத்தில் இறங்க முடியாது. புருஷன் பேரை அவள் வாயால் சொல்லவும் மாட்டாள். அதனால் அவன் மனைவி அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள்.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. சோற்று வேளையில் அவனோடு இதைப்பற்றியே சண்டை போட்டிருக்கிறேன். "ஒடம்பு கேஜு. மனசு அத ஏத்தி எறக்க பெல் அடிக்கிறவன். ஏறி எறங்குறவன் வேற ஆளு" என்பான். நாள் பூராவும் பாறையில் துளை போட்ட பிறகு மனசும் உயிரும் எங்கே இருக்கின்றன என்று தேடிப்பார், வலி ஒன்றுதான் மிஞ்சும் என்பேன் நான். அவன் சிரித்துவிட்டு எனக்கும் ஒரு வெற்றிலை மடித்துக் கொடுப்பான்.

அன்று மூன்று முறை கூப்பிட்டுவிட்டு வந்து ஏறினேன். புறப்படும் நேரத்தில் ஷிப்ட் முடிந்த ஒருவன் ஓடிவந்து, நான் விட்டிருந்த இடத்தில் நின்றுகொண்டான். நகரச் சொல்ல வாய் திறந்தால் வழக்கம் கெடும். திறக்காவிட்டால் கூட்டாளிக்கு இடமில்லை. நம்பாதவனுக்கு இதில் என்ன வந்தது? பேசாமலே மேலே வந்தேன். அலுப்பு என்றும் சொல்லலாம், கோழைத்தனம் என்றும் சொல்லலாம்.

இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவள் வாசலில் காத்திருந்தாள். வந்தாரா என்று கேட்டாள். வந்துவிட்டான் என்றேன். உள்ளே போய்க் கஞ்சி குடித்தாள்.

பத்து வருஷம் கழித்து, நெஞ்சுச்சளி முற்றி என்னை வேலையிலிருந்து நிறுத்திய அன்று, அவளிடம் உண்மையைச் சொன்னேன். சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன். அவள் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அன்னிக்கே உன் மொகத்துல தெரிஞ்சு போச்சு, அண்ணா. அவரு கீழ இருந்தா இன்னா, நீ தெனமும் அங்கதான எறங்குற, தொணை இருக்குதேன்னு வுட்டுட்டேன்."

இப்போது இருமுவதும் படுப்பதுமாகப் பொழுது போகிறது. உயிர் என்று ஒன்று கிடையாது என்ற என் கட்சியை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சங்கு ஊதி ஆட்கள் வரிசையாக இறங்கப் போகும்போது, அவன் அங்கே தனியாக இருக்கிறானே என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இந்த உடம்புதான் எழுந்து போக மாட்டேன் என்கிறது.